தலை முதலாகப் பிறந்த கோயில்

கழுகுமலை வெட்டுவான் கோயிலில் முதலில் பிறந்தது சிகரம். அதன் பிறகு கழுத்து, அதற்குக் கீழே மேல்தளம், பூதகணங்கள் வரிசை கட்டிய விளிம்பு என்று கோயில் மேலிருந்து கீழே இறங்கி வந்தது. பாதியில் நின்றது. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளாக அந்த நிலையிலேயே இருக்கிறது. தாய் வயிற்றிலிருந்து பிள்ளை தலை முதலாக வருவதுபோல மலையின் வயிற்றிலிருந்து வந்த கோயில் அது. கால்கள் மட்டும் இன்னும் பாறைக்குள் இருக்கின்றன.

எங்கள் ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து விருதுநகர் வந்து, தெற்கே சாத்தூர் தாண்டி, கோவில்பட்டியில் மேற்கே சங்கரன்கோவில் சாலையில் திரும்பினால் கழுகுமலை. வழியெல்லாம் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் தீப்பெட்டி ஆபீஸ்களும் மாறி மாறி வரும். அந்தத் தட்டை நிலத்தில் திடீரென்று ஒரு பாறை மலை எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போவது கழுகாசலமூர்த்தியைக் கும்பிடத்தான். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது அந்த முருகனைத்தான். பலர் கீழேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வெட்டுவான் கோயிலைப் பார்க்க மலை ஏற வேண்டும்.

கல்வேலை தெரிந்த பெரியவர்களிடம் அந்தக் கோயில் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ஒரு கதை வரும். ஒரு சிற்பி இருந்தான். அவனுக்கு ஒரே மகன். சின்ன வயதில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் மகன் தொலைந்துபோனான். தகப்பன் ஊர் ஊராகத் தேடினான்; கிடைக்கவில்லை. கடைசியில் கழுகுமலைக்கு வந்து சமணச் சிற்பங்கள் செதுக்கும் வேலையில் சேர்ந்தான். தீர்த்தங்கரர்களையும் இயக்கியரையும் பாறையில் வரிசையாக வெட்டிக்கொண்டு போனான். கொஞ்ச காலம் கழித்து அதே மலையின் இன்னொரு சரிவில் ஓர் இளைஞன் வந்து ஒரு சிவன் கோயிலை வெட்டத் தொடங்கினான். மலைக்கு வந்துபோகிறவர்கள் பெரியவனிடம் வந்து அந்தப் பையனின் கைத்திறனைச் சொன்னார்கள். இன்று ஒருவர் சொன்னார், நாளை இன்னொருவர் சொன்னார். நாள் முழுக்க அந்தப் பக்கத்து உளிச்சத்தம் வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து போனான். பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவன்மேல் கையிலிருந்த உளியை எறிந்தான். விழுந்தவன் 'அப்பா' என்று அலறினான். குரலைக் கேட்டுத்தான் தகப்பனுக்குப் பிள்ளை யாரென்று தெரிந்தது. அதோடு கோயில் வேலையும் நின்றது.

இதையே வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. மகன் தொலையவில்லை, தகப்பனோடு சண்டை போட்டுப் பிரிந்தான் என்பார்கள். எறிந்தது உளியில்லை, சுத்தியல் என்பார்கள். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வாழ்நாளெல்லாம் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், கரிசலில் எந்தக் கதையும் ஒரே உடுப்போடு இரண்டு வீட்டு வாசலில் நிற்காது. ஆனால் எல்லாச் சொல்முறையிலும் மாறாமல் வருபவை சில: தகப்பன், மகன், ஒரே மலை, இரண்டு பணி, உளிச்சத்தம், முடியாத கோயில். மாறாமல் நிற்கும் இந்த எலும்பைத்தான் கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது பாறையைக் கேட்போம். கோயிலைக் கட்டுவித்தவன் இன்னான் என்று சொல்லும் கல்வெட்டு அங்கே இல்லை. சிற்ப அமைதியை வைத்து எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். பராந்தக நெடுஞ்சடையன் காலத்தோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். மற்றதையெல்லாம் உளித் தழும்புகள்தான் சொல்கின்றன.

முதலில் மலைச்சரிவில் மூன்று பக்கம் பள்ளம் எடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி அப்புறப்படுத்த, நடுவில் ஒரு பெரிய கல் திரள் தனியே நின்றது. கோயில் முழுவதும் அந்த ஒரே கல்லுக்குள் இருந்தது. கட்டுகிற கோயிலுக்கு அஸ்திவாரம், அதன்மேல் அதிட்டானம், சுவர், தளம், கடைசியாகச் சிகரம். வெட்டுகிற கோயிலில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். கீழேயிருந்து தொடங்கினால் மேலே தட்டும் கல் முடிந்த வேலையின்மேல் விழுந்து சிதைக்கும். மேலேயிருந்து இறங்கினால் அந்தப் பயம் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: சாரம் கட்ட வேண்டாம். இன்னும் வெட்டாத பாறையே ஆள் நிற்கும் தரை. சிகரத்தைச் செதுக்கியவன் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே செதுக்கியிருக்கலாம். வேலை இறங்க இறங்கத் தரையும் அவனோடு இறங்கும்.

கருங்கல் உளியைத் தின்னும். கொஞ்ச நேரம் தட்டினால் முனை மழுங்கிவிடும். மறுபடி உலையில் காய்ச்சித் தட்டி, நீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். ஆகவே கல்வேலை நடக்கும் இடத்தில் சிற்பிகள் இருந்தால் மட்டும் போதாது. துருத்தி ஊதவும் உளி காய்ச்சவும் கொல்லர் வேண்டும், பள்ளத்திலிருந்து கல்சில்லு அள்ளிக் கரையேற்ற ஆள் வேண்டும், தண்ணீரும் கஞ்சியும் சுமக்கப் பெண்கள் வேண்டும். வெட்டுவான் கோயில் ஒரு சிற்பியின் தனி வேலையாக இருக்க வாய்ப்பே இல்லை. மலைமேல் ஒரு சின்ன ஊரே இருந்திருக்க வேண்டும். கதை அந்த ஊரை இரண்டு ஆட்களாகச் சுருக்கிவிட்டது.

மேல் பாதியைப் பார்த்தால் அந்த ஊரின் கைவன்மை தெரியும். எண்பட்டைச் சிகரம். அதன் மூலைகளில் படுத்த நந்திகள். கிழக்கே உமையோடு சிவன், மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா. தெற்கே தட்சிணாமூர்த்தி. மற்ற கோயில்களில் மௌனமாகப் பாடம் சொல்லும் அவர் இங்கே மத்தளம் வாசிக்கிறார். நான் பார்த்த தட்சிணாமூர்த்திகளில் இவ்வளவு சந்தோஷமான முகம் வேறு இல்லை. பூதகணங்கள் ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் சிரிக்கின்றன, ஊதுகின்றன, தட்டுகின்றன. இத்தனையும் முடிந்த கல்லுக்குக் கீழே, கொத்திவிட்டுப் போன முரட்டுப் பாறை. கருவறைக்கான இடம் மட்டும் ஒருவாறு குடையப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் அங்கே பிள்ளையாரை வைத்திருக்கிறார்கள்.

இப்படி மேலிருந்து வெட்டிய கோயில்களில் பேர்போனது எல்லோராவின் கயிலாசநாதர். இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன், 756 முதல் 773 வரை ஆண்டவன், அவன் பெயரோடு சேர்ந்தது. அங்கேயும் பிறந்த கதை ஒன்று உண்டு. மராத்தியர் சொல்வது இது: அரசி ஒரு நோன்பு எடுத்தாள். சிவன் கோயிலின் சிகரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை சாப்பிட மாட்டேன் என்றாள். கோயில் கட்டிச் சிகரம் வைக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுவரை அவள் உயிர் தங்குமா? பைத்தானிலிருந்து கோகசன் என்ற சிற்பி வந்தான். சிகரத்திலிருந்தே தொடங்குகிறேன் என்றான். ஒரே வாரத்தில் அரசி சிகரத்தைப் பார்த்தாள். பாறைக் கோயிலின் செய்முறையை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடப்புத்தகம் இருக்க முடியாது. அதே கோயிலைப் பற்றி இராட்டிரகூடர் செப்பேடு ஒன்றும் பேசுகிறது. 812-13இல் கர்க்கன் கொடுத்த பரோடாச் செப்பேடு. அதைக் கட்டிய சிற்பியே, இதை எப்படிச் செய்தேன் என்று திகைத்துப்போனான் என்றும், இன்னொன்று செய்ய அவனுக்கு மனம் துணியவில்லை என்றும் அது சொல்கிறது. அரசனின் கொடையைப் பதிய வந்த ஏட்டில் வேலை செய்தவனின் திகைப்பும் ஏறிவிட்டது. அந்தச் சிற்பியின் பெயர் மட்டும் ஏறவில்லை.

கழுகுமலைக் கதைக்கு நெருங்கிய சொந்தங்கள் தென்னாட்டில் நிறைய. கேரளத்துப் பெருந்தச்சன் தன்னைவிடக் கெட்டிக்காரனாக வளர்ந்த மகன் கீழே வேலை செய்துகொண்டிருக்க, மேலேயிருந்து உளியை நழுவவிட்டான். கை தவறியதா, மனம் தவறியதா என்று மலையாளிகள் இன்றும் பேசுகிறார்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதித் திலகன் நடித்த படமும் அதைத்தான் கேட்டது. கன்னடத்தில் ஜகணாசாரி. பேலூரில் அவன் செதுக்கிய சிலையில் குறை இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒரு பையன் சொன்னான். சிலை முழுக்கச் சந்தனம் பூசினார்கள். எல்லா இடமும் உலர, கொப்பூழ் பக்கம் மட்டும் ஈரமாக நின்றது. அங்கே தட்ட, தண்ணீரோடு தேரை ஒன்று வெளியே வந்தது. சொன்ன வாக்குப்படி ஜகணாசாரி தன் வலக்கையை வெட்டிக்கொண்டான். பையன் அவன் மகன் டங்கணன். தென்னாட்டுக்கு வெளியிலும் உண்டு. ஒடிசாவின் கொணார்க்கில் 1,200 கல்தச்சர்களுக்கும் கைவராத முடிக்கல்லைப் பன்னிரண்டு வயது தர்மபதன் பொருத்தினான். சின்னப் பையனால் முடிந்தது பெரியவர்களால் முடியவில்லை என்று அரசன் அறிந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து என்று அவனே கடலில் குதித்தான். அவன் தகப்பன் விசு மகாராணா அந்த 1,200 பேருக்குத் தலைவன். கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குப் போனாலும் விடாது: 1446இல் தொடங்கிய ராஸ்லின் தேவாலயத்தில் ஒரு தூணை மாணவன் முடித்துவிட, ஊர் திரும்பிய குரு சுத்தியலால் அவனை அடித்துக் கொன்றான் என்று அங்கே சொல்கிறார்கள்.

இத்தனை ஊரில் இத்தனை கதை வருவதால் எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நான் அப்படித் தள்ள மாட்டேன். தகப்பனிடம் மகன் தொழில் கற்கும் குலத்தில், மகன் கை தகப்பன் கையைத் தாண்டும் ஒருநாள் வந்தே தீரும். தகப்பனுக்கு அது பெருமையும் வலியும் சேர்ந்த நாள். அரண்மனைப் புலவர்கள் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டார்கள். அதைப் பற்றிக் கதை சொல்ல வேண்டிய அவசியம் உளி பிடித்தவர்களுக்குத்தான் இருந்தது. பேலூரில் கதையைத் தாண்டி நிஜப் பெயர்களும் கிடைத்திருக்கின்றன: பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜனும் அவன் மகன் சாவணனும் அங்கே தாங்கள் செதுக்கிய சிலைகளின் அடியில் தங்கள் பெயரை வெட்டி வைத்தார்கள். தகப்பனும் மகனும் ஒரே கோயிலில்! நம் காலத்திலும் அந்த வரிசை அறுந்துவிடவில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் தந்தை வைத்தியநாத ஸ்தபதியைத் தொடர்ந்து பொறுப்பேற்றவர்தான், பின்னாளில் கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி.

கதைக்குள் தொழில் அறிவும் பொதிந்திருக்கிறது. தேரைக் கதை எதற்கு? உள்ளே பொத்தல் உள்ள கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பாடத்துக்கு. தட்டினால் மணிபோல ஒலிப்பது ஆண் கல், தாளம்போல ஒலிப்பது பெண் கல், ஓசை எழாதது அலிக்கல் என்று சிற்பிகள் காதால் பிரிக்கிறார்கள். அப்படிக் காதைப் பழக்கிய ஒருவன் தூரத்து உளிச்சத்தத்தைக் கேட்டே எதிராளியின் கையை எடைபோட்டிருப்பான் என்று கழுகுமலைக் கதையைப் புரிந்துகொள்வதில் எனக்கு எந்த மிகையும் தெரியவில்லை. ஒற்றைக் கல் கோயிலில் ஒரு தெறிப்புக்கும் மாற்று இல்லை என்பதும் அந்தத் தொழில் அறிவில் சேர்ந்ததுதான். கட்டடத்தில் உடைந்த கல்லை மாற்றலாம். இங்கே ஒரு மூக்கு தெறித்தால் மலையையே மாற்ற வேண்டும்.

தெறித்த கல்லுக்கும் மதுரையில் ஒரு கதை உண்டு. திருமலை நாயக்கர் எழுப்பிய, 124 தூண்கள் கொண்ட புதுமண்டபத்தில் அரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்தது. சிற்பி சுமந்திரமூர்த்தி ஆசாரி கலங்கி நின்றார். மந்திரி நீலகண்ட தீட்சிதர், அங்கே அரசிக்கு மச்சம் இருக்கும், அப்படியே விடு என்றார். சந்தேகப்பட்ட அரசன் தண்டிக்கும் முன்பே தீட்சிதர் கற்பூரச் சுடரால் தம் கண்களை அவித்துக்கொண்டார். மீனாட்சிமேல் ஆனந்தசாகரஸ்தவம் பாடிப் பார்வை பெற்றார். இது அரண்மனை வழியே வந்த கதை. சிற்பி தொடங்கிவைக்கிறார், பிறகு கதையிலிருந்தே காணாமல் போகிறார். அவர் அன்று இரவு தூங்கினாரா, மறுநாள் உளியைத் தொட்டாரா என்று கேட்க ஆளில்லை. கழுகுமலைக் கதையில் அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. முழுக்க முழுக்க வேலைக்காரர்களின் கதை. அதனால்தான் எனக்கு அது விலைமதிப்பற்றது.

அதில் இன்னும் ஒன்று இருக்கிறது. என்னை அதிகம் நிறுத்தியது அதுதான். தகப்பன் வெட்டியது சமணச் சிற்பம், மகன் வெட்டியது சிவன் கோயில். கழுகுமலைச் சமணப் பள்ளியில் பாறையை ஒட்டி வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை இயக்கி. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொரு திருமேனியையும் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்று அவை சொல்கின்றன. குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பெயர்கள், அவர்களின் மாணாக்கர் பெயர்கள், குணசாகர படாரர் பெயர். பல ஊர்க்காரர்கள் கொடுத்த காசில், ஒருவர் ஆயுளில் முடியாத காலம் நடந்த பணி அது. ஆகவே கதையில் வரும் ஒற்றைத் தகப்பன் அதை வெட்டியிருக்க முடியாது. ஆனால் இரண்டு பணியும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்று கதை சொல்வது கல்லோடு ஒத்துப்போகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர் முகங்களின் உருட்சியையும் உடையின் மடிப்பையும் கவனித்தால், ஒரே பட்டறையில் பழகிய கைகள் என்று சொல்லத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

ஏடுகளைத் திறந்தால் பாண்டிய நாட்டில் சைவத்துக்கும் சமணத்துக்கும் பகை மட்டுமே கண்ணில் படும். சம்பந்தர், நெடுமாறன், அனல்வாதம், புனல்வாதம், கழுமரம். அது ஏழாம் நூற்றாண்டைப் பற்றிய பேச்சு. அடுத்த நூற்றாண்டிலேயே, பரம வைணவன் என்று செப்பேட்டில் தன்னைச் சொல்லிக்கொண்ட நெடுஞ்சடையன் ஆட்சியில், கழுகுமலையில் சமணப் பள்ளி செழித்தது. பக்கத்திலேயே சிவன் கோயில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த அண்டைத்தனத்தை ஏடுகள் பாடவில்லை. கல்தச்சர்கள் மட்டும் தங்கள் கதையில் அதை வைத்திருக்கிறார்கள்: இரு பக்கமும் வெட்டியது ஒரே குடும்பம். கொலையும் நடந்தது, ஆனால் கொலைக்குக் காரணம் மதம் என்று எந்தச் சொல்முறையிலும் வரவில்லை. தொழில் பொறாமை என்றுதான் வருகிறது. அப்பனும் மகனும் எந்தச் சாமிக்கு வெட்டினார்கள் என்பது அந்தக் கதையில் சண்டைக்குரிய விஷயமாகவே இல்லை. கூலிக்குக் கல் வெட்டுகிறவனுக்குத் தீர்த்தங்கரரின் முழங்காலும் தட்சிணாமூர்த்தியின் முழங்காலும் ஒரே அளவு கவனத்தைக் கேட்பவை.

எங்கள் பக்கத்தில் இன்று கல்லை வெடி வைத்துப் பெயர்க்கிறார்கள். குவாரியில் குழி போட்டு மருந்து அடைத்துத் திரி வைத்தால் சில நொடியில் ஒரு வீட்டளவு பாறை சரியும். கிரஷரில் ஜல்லியாகிச் சாலைக்குப் போகும். சிலைக்கு அந்தக் கல் ஆகாது. வெடி கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் போட்டுவிடும், உளி வைக்கும்போது எதிர்பாராத இடத்தில் பிளக்கும். வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறித் தட்டி, கல் பிளக்கும் முன் எழும் நெறிப்புச் சத்தத்தைக் கேட்டு விலகிக்கொள்ளத் தெரிந்தவர்கள் வயதாகி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்த சிலிக்கோசிஸ். தெருவில் அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ என்று கூவி வந்தவர்களின் பிள்ளைகள் மெஷினில் கிரானைட் அறுக்கிறார்கள், அல்லது பட்டாசு ஆலைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 192 அடி கோபுரம் நிற்கிறது. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது அதுதான் என்பார்கள். அதை எழுப்பியவர்களின் பேச்சு நமக்குக் கிடைக்காது. ஆனால் இந்த வட்டாரத்துக் கோயில் திருப்பணிகளில் கல் தூக்கிய, கல் கொத்திய குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது. உளியை முதலில் யார் கையில் கொடுத்தார்கள்? காய்ச்சும்போது எந்த நிறம் வந்ததும் தண்ணீரில் போடுவீர்கள்? எந்தக் குன்றில் நல்ல கல் கிடைத்தது, அது இப்போது இருக்கிறதா? கல் கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில்? கூலியைத் தானியமாக வாங்கிய காலம் உண்டா? வேலைப் பாட்டுக்கு முதல் அடி எடுத்துக்கொடுப்பது யார்? தகப்பன் வேலையில் குற்றம் சொன்ன மகன் உங்கள் குடும்பத்தில் உண்டா, அன்று என்ன நடந்தது? கழுகுமலைக் கதையை யார் வாயால் முதலில் கேட்டீர்கள், அவர்கள் கதையில் எறிந்தது உளியா, சுத்தியலா?

வீட்டுப் பெண்களிடமும் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். மலைக்குக் கஞ்சி சுமந்தவர்கள், கல்சில்லு அள்ளியவர்கள் அவர்கள்தான். நான் கேட்ட எந்தச் சொல்முறையிலும் அந்தச் சிற்பியின் மனைவி, தொலைந்த பிள்ளையின் தாய், வரவே இல்லை. பெண்கள் சொல்லும் கதையில் அவள் இருக்கக்கூடும்.